கிரஷர் குழுவின் பக்தி ஆல்பம்

"இது என்ன சார், மண்டை ஓடு?" என்று கேட்டார் நாகபூஷணம். திருப்பதியில் அந்தக் கல்யாண மண்டபத்துக்கு அவர்தான் மேனேஜர்.

ஏகாம்பரம் வாசலில் தான் ஒட்டிய போஸ்டரைப் பார்த்தான். மண்டை ஓடுதான்.

"எங்க குழுவோட சின்னம் சார். ஆல்பம் ரிலீஸ்."

"என்ன ஆல்பம்?"

ஏகாம்பரம் சித்தூரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். மற்ற நேரத்தில் 'கிரஷர்' குழுவின் பாடகன். கிடார் அவன் மனைவி கல்பனா, டிரம்ஸ் முனியப்பன். மெலோடிக் ஹார்ட்கோர் பங்க் என்று அந்த இசைக்குப் பெயர். தலைதெறிக்கிற வேகம், தொண்டை கிழியக் கத்தல், நடுவே எங்கிருந்தோ தலைகாட்டும் ஒரு நல்ல மெட்டு. கல்லூரி நாளில் ஒரு கேசட் போட்டார்கள். பிறகு முனியப்பன் குவைத்துக்குப் போய்விட்டான். அவன் லீவில் வரும்போதெல்லாம் ஒவ்வொரு பாட்டாகப் பதிந்து, இரண்டாவது ஆல்பத்தை முடிக்கப் பன்னிரண்டு வருடமாயிற்று. மறுநாள் அவனுக்கு மெட்ராசில் விமானம்.

"பக்தி ஆல்பம் சார்," என்றான் ஏகாம்பரம்.

நாகபூஷணத்தின் முகம் மலர்ந்தது. "மண்டை ஓடுன்னா, சிவன் பாட்டா?"

"ஆமா சார்."

"சரே, முன்னாடியே சொல்லக்கூடாதா? ரத்னம்மா பஜனை மண்டலிக்கு ஒரு போன் போட்டா முன்வரிசை நெறஞ்சிடும்."

போட்டும் விட்டார்.

மேடைக்குப் பின்னால் கல்பனா கிடாருக்கு ஸ்ருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். "பஜனைக்காரங்க வராங்களா? மொத பாட்டு என்னான்னு தெரியுமில்ல உனுக்கு? 'உடை உடை'."

மேனேஜர் தலையை நீட்டினார். "எதை உடைக்கிறது?"

"தேங்கா சார்," என்றான் முனியப்பன்.

நாகபூஷணம் நெகிழ்ந்துபோய் ஒரு மூட்டை தேங்காய்க்கு ஆள் அனுப்பினார். "ரெண்டாவது பாட்டு?"

"'கொளுத்து' சார்."

"கற்பூரமா?"

"வேற என்னா சார்."

அவர் தாம்பாளம் எடுக்கப் போனார்.

"மூணாவது பாட்டுப் பேர அவர்கிட்ட சொல்லாத," என்றாள் கல்பனா. "அதுக்கு வேண்டியது கடையில கெடைக்காது."

"மெதுவா பாடிடலாம்," என்றான் ஏகாம்பரம். "கத்தினா சந்தேகம் வரும்."

"பன்னண்டு வருசம் வெயில்ல ஏசி ரிப்பேர் பண்ணிக்கினு இருந்தது இதுக்காடா?" என்று கேட்டான் முனியப்பன்.

"வெளிய தள்ளிட்டா இதுவும் இல்லடா."

முனியப்பன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, மேனேஜர் அன்போடு கொடுத்த ஜால்ராவை எடுத்துக்கொண்டான். கல்பனா கிடார் சத்தத்தை, இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்குக் குறைத்தாள்.

பஜனை மண்டலி மஞ்சள் புடவைகளில் வந்து முன்வரிசையில் அமர்ந்தது. நாகபூஷணம் சிடிக்குச் சந்தனம் வைத்து வெளியிட்டார்.

'உடை உடை' தாலாட்டு வேகத்தில் வந்தது. ஒவ்வொரு 'உடை'க்கும் நாகபூஷணம் மேடையோரத்தில் ஒரு தேங்காயை உடைத்தார். பாட்டில் அந்தச் சொல் நிறைய வரும். 'கொளுத்து' முடிவதற்குள் மேடை முழுக்கக் கற்பூரப் புகை. முன்வரிசையில் ஒருவரும் கை தட்டவில்லை, தாளம் போடவில்லை. ரத்னம்மா கையைக் கட்டிக்கொண்டு ஏகாம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரம் முனியப்பனைப் பார்த்தான். அவன் தலை குனிந்து ஜால்ரா தட்டிக்கொண்டிருந்தான்.

நாகபூஷணம் தேங்காய் மூடிகளை வாரிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனார். உடனே ரத்னம்மா எழுந்தார். சமையல்கட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். நேரே மேடைக்கு வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா," என்றான் ஏகாம்பரம். "உண்மைய சொல்லிட்றேன், இது பக்தி…"

ரத்னம்மா கையமர்த்தினார்.

"நைனா, பஜனைன்னு சொன்னாத்தான் எங்களையும் வூட்ல வெளிய வுட்றாங்க; அந்தாளு கதவத் தட்றதுக்குள்ள, பழைய கேசட்டுல கத்துனாப்பல ஒருதரம் கத்து."