முப்பத்தெட்டு வினாடி வேண்டுதல்

நடந்து முடிந்த காரியத்துக்காகக் கடவுளிடம் வேண்டிக்கொள்ளும் ஒரே மனுஷி, காரைக்கால் மாவட்டத்திலேயே எங்கள் விடுதிச் சமையல்கார அக்காதான். அவருடைய பெயர் விடுதியில் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘கார்னர் அக்கா’ என்றால் தெருமுனை ஆட்டோக்காரருக்குக்கூடத் தெரியும்.

பெயர் வந்த காரணம் எளிது. கால்பந்தில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் அது. பந்து வெளியே போனால் கார்னர். ஆள் கீழே விழுந்தால் கார்னர். விளம்பரம் வந்தாலும் கார்னர்.

கோட்டுச்சேரி போகும் சாலையில், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி அது. சனிக்கிழமை மாலைகளில் ஆட்டம் பார்ப்பவர்கள் மூன்று பேர். மருந்துக்கடையில் வேலை செய்யும் பரீதா, பள்ளி ஆசிரியை செல்வி, இணைய இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தில் பொறியாளரான நான். விடுதியில் டிவி கிடையாது. சாப்பாட்டு மேசையில் என் லேப்டாப்பை வைத்துப் பார்ப்போம். போலகத்திலிருந்து பஸ்ஸில் வரும் அக்கா, சப்பாத்தி மாவு ஒட்டிய கையோடு வந்து நாலாவதாக நிற்பார்.

எங்களுக்கு வினை எதிரிலிருந்த ஜூஸ் கடை. அங்கே டிஷ் டிவி. எங்கள் திரையில் பந்து நடுமைதானத்தில் உருண்டுகொண்டிருக்கும்போதே அங்கே கூச்சல் கிளம்பிவிடும். மூன்று வாரம் கடிகாரம் வைத்து அளந்து குறித்தேன். இணையம் வழியாக வரும் ஆட்டம் சராசரியாக முப்பத்தெட்டு வினாடி தாமதம்.

கூச்சல் கேட்டதும் செல்வி ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாள். அக்கா மாவுக் கையைக் குவித்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

“அக்கா, கோல் விழுந்தாச்சு. இனிமே வேண்டி என்ன பண்றது?” என்றேன் ஒருநாள்.

“நீ பாத்தியா?”

“அங்க கத்துறாங்களே.”

“அங்க ரெண்டு கச்சிக்காரனும்தான் உக்காந்திருக்கான். எவன் கத்துனான்னு உனக்குத் தெரியுமா?”

தெரியாது. என் குறிப்பேட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

அந்த முப்பத்தெட்டு வினாடிக்குள் அவர் காரைக்கால் அம்மையாரைக் கூப்பிட்டு, பரீதாவுக்காகப் பள்ளிவாசல் பக்கம் திரும்பி, மாதாவையும் தொட்டுவிட்டு வந்துவிடுவார். பக்கத்திலிருக்கும் திருநள்ளாற்றுச் சனீஸ்வரனை மட்டும் கூப்பிட மாட்டார்.

“அவரு வந்தா ஏழரை வருசம் உக்காந்துருவாரு பாப்பா. நமக்கு இருக்கறது முப்பத்தெட்டு செகண்டு.”

ஒருமுறை கூச்சல் கேட்டது, அக்கா வேண்டினார், திரையில் எங்கள் அணிக்கு எதிராகப் பந்து வலைக்குள் போனது. நாங்கள் தலையில் கை வைத்த நேரத்தில் ஆஃப்சைடு என்று நடுவர் அந்தக் கோலை ரத்து செய்தார். பரீதா எழுந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். “அந்த ரத்தும் ஏற்கெனவே நடந்ததுதான்” என்று நான் விளக்கினேன். “உன் வாயில கொஞ்சம் மாவு வைக்கவா?” என்று அக்கா கேட்டார். அந்த வாரம் முழுக்க என்னுடன் யாரும் சரியாகப் பேசவில்லை.

இந்த ஆண்டின் தொடக்கத்தில் அக்காவுக்கு மார்பில் ஒரு கட்டி தெரிந்தது. யாரிடமும் சொல்லாமல் இரண்டு மாதம் வைத்திருந்தார். பரீதாதான் கண்டுபிடித்து, திட்டி, டாக்டரிடம் இழுத்துப் போனாள். ஊசி வைத்துச் சதை எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். அக்காவிடம் இருந்தது பட்டன் போன் என்பதால், முடிவு அனுப்ப என் எண்ணைக் கொடுத்திருந்தோம்.

ஒரு சனிக்கிழமை, ஆட்டத்தின் இடைவேளையில் என் போனுக்குச் செய்தி வந்தது. ரிப்போர்ட் தயார்.

“தொறக்காத. கொஞ்சம் இரு” என்றார் அக்கா. உள்ளே போய்க் கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணை மூடி நின்றார். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். எழுதி முடித்த காகிதம் மாறாது என்று அன்று நான் சொல்லவில்லை. கடிகாரத்தையும் பார்க்கவில்லை.

அவர் கண் திறந்ததும் போனைப் பரீதாவிடம் கொடுத்தேன். அவள் ஒருமுறை படித்தாள். மறுபடியும் மேலே போய் முதலிலிருந்து படித்தாள்.

“அக்கா... கெட்ட கட்டிதான்க்கா.”

லேப்டாப்பில் ஆட்டம் மறுபடி தொடங்கியிருந்தது. செல்வி அதை மூடினாள்.

“சாவுற மாரியா, வைத்தியம் பாக்குற மாரியா?” என்றார் அக்கா.

“பாக்கலாம்க்கா. பாண்டிச்சேரிக்குப் போவணும். சீக்கிரம் போவணும்.”

“அப்ப சரி.”

போய்த் தட்டுகளை எடுத்து வந்து மேசையில் வைத்தார். சப்பாத்தி, குருமா. யாரும் தொடவில்லை. செல்வி அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அழுகைக்குப் பதில் கோபம் வந்தது.

“இவ்வளவு நேரம் நின்னு வேண்டுனீங்களே, என்னதான்க்கா கேட்டீங்க?”

“உங்க கோலுக்கெல்லாம் என்ன கேப்பேனோ அதான்.”

“நல்லபடியா வரணும்னா?”

“அது மேல இருக்கறவரு பாத்துக்கற வேலை. அதுல நான் ஏன் வாய வைக்கணும்?” அக்கா என் தட்டில் குருமாவை ஊற்றினார். “தோத்தா நீங்க மூணு பேரும் தட்டைத் தள்ளிவுட்டுட்டு மாடிக்குப் போயிடுறீங்க. என்ன வந்தாலும் இந்தப் புள்ளைவோ சாப்புடாம எந்திரிக்கக் கூடாதுன்னு கேட்டேன். இன்னைக்கும் அதான் கேட்டேன். உக்காருங்க.”

உட்கார்ந்தோம். அழுதுகொண்டே சாப்பிட முடியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. குருமாவில் உப்பு அதிகம். யாரும் சொல்லவில்லை.

இப்போது அக்காவுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாண்டிச்சேரியில் மருந்து ஏற்றுகிறார்கள். முதலில் கொடுத்தது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வேறு மாற்றியிருக்கிறார்கள். இது கேட்குமா என்று டாக்டருக்கே இன்னும் தெரியாது. “அவரு பாத்துக்குவாரு” என்கிறார் அக்கா. அக்காவோடு துணைக்குப் போவதற்கு எங்கள் மூவருக்கும் முறை போட்டிருக்கிறேன்.

வரும் செவ்வாய் என் முறை. கொண்டுபோக வேண்டியவற்றை எழுதிவிட்டேன். பழைய ரிப்போர்ட்டுகள், துண்டு, எலுமிச்சம்பழம், வெந்நீர் ஃப்ளாஸ்க். போன தடவை போய்வந்த செல்வி, “பஸ்ஸுல அக்கா வழி பூரா பேசிக்கிட்டே வருவாங்கடி, காதுல மாட்டிக்க ஹெட்செட் எடுத்துக்க” என்றாள்.

அதை மட்டும் பட்டியலில் சேர்க்கவில்லை.