கட்லா மீனுக்குக் கண் தையல்

கல்கத்தாவின் பாலிகஞ்ச் மார்க்கெட்டில் வாரம் தவறாமல் மீன்தலை வாங்கி, ஒரு துணுக்கைக்கூட வாயில் வைக்காத ஒரே ஜீவன் இந்த உலகத்திலேயே எங்கள் 'மீன்தலை டாக்டர்'தான். திருநெல்வேலிப் பெண். சுத்த சைவம். பக்கத்து வீட்டு ஆம்லெட் வாசனைக்கே ஜன்னலைச் சாத்துவாள்.

எழுபதுகளில் நானும் கணவரும் மாடியில், அவள் கீழறையில் குடியிருந்தோம். வீட்டுக்காரம்மாவை எல்லோரும் மாஷிமா என்போம். கண் மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தே தீருவேன் என்று கல்கத்தாவுக்கு வந்தவள் அவள். அவள் படித்த கல்லூரியில் அந்தப் படிப்பே கிடையாது. இங்கே பெரிய ஆஸ்பத்திரியிலோ, அங்கேயே படித்த பிள்ளைகளுக்கே சீட் பற்றவில்லை. தினமும் கண் வார்டு வாசலில் போய் நிற்பாள். பெரிய டாக்டர், "நீ யாரோட ஸ்டூடண்ட்?" என்று கேட்டு விரட்டுவார். மறுநாளும் போய் நிற்பாள்.

கை பழக வேண்டுமே! மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு, கட்லா மீனின் கண்ணில் கறுப்புப் பட்டு நூலால் தையல் போடுவாள். தைத்த தலை மாஷிமாவின் பூனைக்கு.

"நாத்தம் குடலைப் பிடுங்குது யக்கா. ஆனா மனுசக் கண்ணை எனக்கு யாரு தருவா, சொல்லுங்க?"

ஜாமாய் ஷஷ்டி வந்தது. வங்காளிகள் மாப்பிள்ளையை அழைத்து விருந்து வைக்கும் நாள். மீன்தலை மாப்பிள்ளைக்குத்தான். முற்றத்தில் மாஷிமா கழுவி வைத்திருந்த தலையை, மீன்காரன் தனக்காக வைத்துப்போனது என்று நினைத்து, இவள் இரண்டு கண்ணையும் தைத்து அதே இடத்தில் பூனைக்கு வைத்துவிட்டாள். பூனையை முந்திக்கொண்டு மாஷிமா அதைக் குழம்பில் போட்டார்.

மாப்பிள்ளையின் பல்லில் நூல் சிக்கியது. இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். கண்தான் வந்தது.

"ஷர்பனாஷ்! சர்வநாசம்! நாளைக்கே ரூமைக் காலி பண்ணு!" என்று மாஷிமா அலறினார்.

"காலி பண்ணுதேன் மாஷிமா. ஆனா இம்புட்டுத் தையல்ல ஒண்ணுகூடவா உங்களுக்குத் தெரியல?" என்றாள், தமிழும் வங்காளமும் கலந்து. விருந்துக்கு நடுவிலேயே மாஷிமாவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் புரை.

மறுநாள் மாஷிமாவை அதே வார்டுக்கு அழைத்துப் போனாள். பெரிய டாக்டர் பழையபடி, "நீ வெளியே போ" என்றார். மாஷிமா விடவில்லை.

"இவ பக்கத்துல நிக்காம என் கண்ணைத் தொடக்கூடாது! இவ தையலைப் பத்தி என் மாப்பிள்ளையைக் கேளுங்க. பல்லால இழுத்தும் அவிழல!"

பெரிய டாக்டர் முழுக் கதையையும் கேட்டுச் சிரித்து, அவளை ஆபரேஷன் தியேட்டருக்குள் நிற்கவிட்டார். அன்று நுழைந்தவளை அப்புறம் யாராலும் வெளியேற்ற முடியவில்லை. ஆனாலும் அந்த வருஷத் தேர்வில் சீட் கிடைக்கவில்லை. மூட்டை கட்டிவிடுவாள் என்று பயந்தேன். அவளோ நேரே மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு மீன்தலையோடு திரும்பினாள்.

அடுத்த வருஷம் சீட் கிடைத்தது. மாடிப்படியில் ஓடிவந்து சொன்னாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணில் தூசி என்றேன். விடுவாளா? என்னை ஜன்னலோரம் இழுத்துப்போய், இமையைத் தூக்கி நிதானமாகப் பார்த்தாள்.

"தூசி ஒண்ணும் இல்லையே யக்கா" என்றாள்.

எனக்குத் தெரியாதா? சொந்தத் தங்கை பாஸானபோதுகூட நான் அப்படி அழுததில்லை.