மெத்தை வெயிலில் காய்ந்த காரணம்

தெருவில் வரும்போதே வாத்தியாருக்குச் சந்தேகம் தட்டியது. மாடிக் கைப்பிடிச் சுவரில் விருந்தாளி மெத்தை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. படியேறினால், வாத்தியாரின் மனைவி கீழ்வீட்டுக்காரரிடம் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

போட்டித் தேர்வுகளுக்குப் பயிற்சி தரும் நிலையத்தில் அவர் தர்க்கம் கற்பிப்பவர். ‘கீழ்க்கண்டவற்றுள் எது இந்த வாதத்தைப் பலவீனப்படுத்தும்?’ என்ற கேள்வியில் அவரை மிஞ்ச ஆளில்லை. மனைவி பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம், முடக்குவாதம் என்று வருகிறவர்களைப் பிடித்து நடக்கவைப்பவள். ஆக, இருவருக்கும் வாதத்தை ஒடுக்குவதுதான் பிழைப்பு.

முன்னறை அலமாரியில் அவருடைய கேள்வித்தாள்கள் ஓரமாக ஒண்டிக்கொண்டு நின்றன. பாதித் தட்டு காலி. மேசைமேல் ஒரு பொட்டலம் பஞ்சு. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் ஒரே விடைதான்: மச்சான் வருகிறான்.

மச்சான் பேண்டு குழுவில் ட்ரம்பெட் ஊதுபவன். போன தடவை இரண்டு நாள் என்று வந்தவன் மழைக்காலம் முழுக்கத் தங்கினான். விடியுமுன்னே ஊதத் தொடங்கிவிடுவான். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் தன் கூரையை இடித்து இடித்துக் காரை உதிர்ந்ததுதான் மிச்சம். அந்தச் சமயம் வாத்தியார் தயாரித்த கேள்விகளில் பாதிக்கு விடையே இல்லை என்று மாணவர்கள் புகார் கொடுத்துவிட்டார்கள். இந்தத் தடவை விடுவதாக இல்லை.

“உன் தம்பி வர்றானா?”

அவள் பதறவில்லை. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். மெத்தை என்று ஆரம்பித்தார்.

“மூட்டைப்பூச்சி இருந்தா வெயில்ல போடமாட்டாங்களா?”

“சரி, அலமாரி?”

“கரையான் பயம் இருந்தா ஒதுக்கிப் பார்க்கமாட்டாங்களா?”

“பஞ்சு?”

“குறட்டை விடுற புருஷன் பக்கத்துல படுத்தா, காதுக்குப் பஞ்சு வாங்கமாட்டாங்களா?”

போன தடவை கூரையை இடித்த கீழ்வீட்டுக்காரரிடம் இப்போது என்ன குழைவு என்று அவரையும் இழுத்தார். முழங்கால் வலி உள்ளவரிடம் பிசியோதெரபிஸ்ட் பேசக்கூடாதா என்று கேட்டாள்.

வேறொரு காரணத்தைக் காட்டினால் போதும், வாதம் படுத்துவிடும் என்று தினமும் பலகையில் எழுதிப்போடுபவரே வாத்தியார்தான். இங்கே நான்கும் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. தொழில் நேர்மை உள்ள மனுஷன், தோற்றதை ஒப்புக்கொண்டார். அதோடு நின்றிருக்கலாம். கட்டியவளைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்ற கூச்சத்தில், அவள் தம்பி எப்போது வந்தாலும் தாராளமாகத் தங்கட்டும், முன்னறையையே கொடுத்துவிடலாம் என்று வாயை விட்டார்.

“நிஜமாத்தான் சொல்றீங்களா?”

சத்தியம் செய்யாத குறையாக ஆமாம் என்றார். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவருக்கும் மனசு லேசானது.

வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தார். ட்ரம்பெட் பெட்டியோடு மச்சான் நின்றான். அவனுக்குப் பின்னால், ட்ரம்ஸை அணைத்துப் பிடித்தபடி அவன் கூட்டாளி ஒருவனும் படியேறிக்கொண்டிருந்தான்.

வாத்தியார் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். “வரலைன்னு சொன்னியே.”

அவள் தம்பி கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டே சொன்னாள்: “உங்க வாதம் சரியில்லைன்னுதாங்க சொன்னேன். முடிவு தப்புன்னு எப்பங்க சொன்னேன்?”