தையல்காரர் மலையேறிய கதை

ஊருக்கு நட்டநடுவில் ஒரு மலை. உச்சியில் நின்றால் மொத்த நகரமும் தெரியுமாம். கல்யாணமான நாளிலிருந்தே அங்கே போகவேண்டும் என்று தையல்காரரின் மனைவிக்குக் கொள்ளை ஆசை. தையல்காரரிடம் அதற்கு ஒரே பதில்தான் இருந்தது.

"அங்க பூரா படிம்மா. உன் வீல்சேர் ஏறாதே! நமக்குக் கொடுத்துவச்சது அவ்வளவுதான்" என்பார், குரல் தழுதழுக்க.

உண்மை என்னவென்றால், மனுஷனுக்கு உயரம் என்றாலே உதறல். பரணிலிருந்து துணிக்கட்டை எடுக்க ஸ்டூலில் ஏறினாலே உடம்பெல்லாம் வேர்த்துவிடும். வெளியே சொன்னால் மானம் போய்விடாதா? பழியைப் படிகளின் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார்.

அன்றைக்கு அவர் ஒரு கோட்டுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தபோது, மனைவி வீல்சேரைச் சர்ரென்று உருட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, மலைக்குப் போன் பண்ணிட்டேன்!"

"மலைக்கா? மலை என்ன சொல்லிச்சு?"

"வாங்கன்னு சொல்லிச்சு! ரோப் கார் விட்டிருக்காங்களாம். மேலே முழுக்கச் சரிவுப் பாதையாம். பேருக்குக்கூட ஒரு படி கிடையாது!"

ஊசி விரலில் ஏறியது. "ரோப் கார்னா... கம்பியில தொங்குமே, அதுவா?"

"அதேதான்! சுத்திவர கண்ணாடியாம்!"

"வெயில் சுள்ளுனு அடிக்குமேம்மா."

"தொப்பி வாங்கியாச்சு."

"காத்து வேற..."

"சால்வை எடுத்து வச்சாச்சு."

"இந்தக் கோட்டை நாளைக்குக் குடுக்கணுமே!"

"கோட்டுக்காரர்கிட்டயும் பேசிட்டேன். அடுத்த வாரம் போதுமாம்."

ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர் புகார்களைப் போனில் கேட்பது அவள் உத்தியோகம். தினமும் நூறு பேர் சாக்குப்போக்கைக் கேட்டுக் காது புளித்தவள். அவளிடம் போய் இவர் வாயைக் கொடுத்தால் ஜெயிக்க முடியுமா?

தையல்காரர் வீரமாக ஒரு முடிவெடுத்தார். வீல்சேரின் கைப்பிடியை விடவே கூடாது. பார்க்கிறவர்களுக்கு ஆசை மனைவியைத் தள்ளிக்கொண்டு போகிற உத்தமக் கணவன். உள்ளுக்குள் யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று எவனுக்குத் தெரியப்போகிறது!

மறுநாள் ரோப் கார் கிளம்பியது.

"ஏங்க, பாருங்க! நம்ம தெரு! நம்ம மொட்டை மாடி!"

"ஆஹா, அழகு!" என்றார், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு.

"பறவையெல்லாம் நமக்குக் கீழே பறக்குதுங்க!"

அந்தத் தகவல் அவருக்குத் தேவைப்படவில்லை.

உச்சி வந்தது. "கையை எடுங்க, நானே போறேன்!" என்று அவள் ஒரே உருட்டில் கம்பி வேலி வரைக்கும் பறந்தாள். "அடேயப்பா! எவ்வளவு பெரிய ஊருங்க நம்மளது!" சிரிக்கிறாள், அழுகிறாள், மறுபடி சிரிக்கிறாள். இத்தனை வருஷம் இதையா தடுத்து வைத்திருந்தோம் என்று தையல்காரர் தன்னையே திட்டிக்கொண்டார். ஓடிப்போய் அவள் பக்கத்தில் நிற்க ஆசைதான். கால் கேட்டால்தானே? பாதையின் நடுவிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

மலைக் காவலாளி காலி வீல்சேர் ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏறுங்க சார்."

"ஐயோ, எனக்கில்லப்பா! வீல்சேர் என் வீட்டுக்காரிக்கு..."

"அவங்களுக்குத்தான் சொந்தமா இருக்கே! 'என் வீட்டுக்காரர் மேலே வந்ததும் உட்கார்ந்துடுவார், அவருக்கு ஒண்ணு ரெடியா வைங்க'ன்னு நேத்தே போன்ல சொல்லிட்டாங்க சார்."