நாற்பது மடங்கு தோட்டமும் நாலு காக்காயும்

மயிலாப்பூர்,
அமாவாசைக்கு மறுநாள்.

மதிப்பிற்குரிய ராமானுஜம் அத்திம்பேருக்கு, சாய்நாத் அநேக நமஸ்காரம். இங்கே அப்பாவைத் தவிர அனைவரும் க்ஷேமம். அப்பாவின் விஷயம் கீழே வரும். விஜயலக்ஷ்மி அக்காவின் முழங்கால் வலி தேவலையா? வாட்ஸப்பில் நான் எதை அனுப்பினாலும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு நழுவிவிடுகிறீர்கள். ஆகவே தாளில் எழுதுகிறேன்.

உங்கள் இயற்கைச் சங்கம் நடத்தும் போட்டியில், யார் வீட்டில் அதிக வகை உயிரினங்கள் தென்படுகின்றனவோ அவர் வர்ஷினியோடு கிண்டிக் காட்டுக்குள் கணக்கெடுக்கப் போகலாம், அனுமதி இரண்டு பேருக்குத்தான் என்று நீங்களே அறிவித்தீர்கள். வர்ஷினி விலங்கியல் ஆராய்ச்சி செய்கிறவள், எங்கள் கணக்கையெல்லாம் நேரில் வந்து சரிபார்க்கிறவள். அவளை ராஜா அண்ணாமலைபுரத்தில் உங்கள் வீட்டுக் கூடத்தில்தான் முதலில் பார்த்தேன் என்பது உங்களுக்கும் அக்காவுக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தும் இப்படி ஒரு விதியை எழுதியிருக்கிறீர்கள். நான் லிஃப்ட் இன்ஜினியர். நாலு பேர் ஏறும் லிஃப்டிலும் இருபது பேர் ஏறும் லிஃப்டிலும் ஒரே எடையை ஏற்றிச் சோதித்தால் என்னை வேலையை விட்டுத் துரத்துவார்கள். நீங்களோ என் மொட்டை மாடியையும் அடையாற்றில் செம்பியனின் இரண்டு கிரவுண்டுத் தோட்டத்தையும் ஒரே தராசில் நிறுத்துகிறீர்கள். செம்பியன் என்னோடு காலேஜில் படித்தவன். தோட்டத்தில் அவன் செய்த சாதனை, அவன் அப்பா அதை விற்காமல் வைத்திருப்பது. அங்கே இதுவரை எழுபத்து நான்கு வகையாம். என் மாடியில் பத்தொன்பது.

வர்ஷினி என் மாடிக்கு வந்தாள். அம்மா காபி ஆற்றிக்கொண்டு வருவதற்குள், "எண்ணி முடிச்சாச்சே சாய்" என்று படியிறங்கிவிட்டாள். இரண்டு எறும்பு, பல்லி, அணில், புறா, காக்காய் என்று எல்லாம் வாசலிலேயே அகப்பட்டுவிட்டால் அப்புறம் ஆள் எதற்கு நிற்க வேண்டும்? செம்பியன் தோட்டத்திலோ மூன்று மத்தியானமாக எண்ணுகிறாள், இன்னும் தீரவில்லை. கிணற்று மேட்டில் கீரிப்பிள்ளையாம். அவன் இளநீர் வெட்டிக் கொடுத்தானாம். இளநீர் எந்தக் கணக்கில் வருகிறது என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. "மச்சி, உன் மாடியில ஒரு காக்கா இறங்கினா இன்னொன்னு வெயிட்டிங்ல நிக்கணும்டா" என்று அவன் அவள் எதிரிலேயே சொன்னதையும் பொறுத்துக்கொண்டேன்.

அந்தப் பேச்சால்தான் நேற்றைய விபரீதம். அமாவாசை. அம்மா கைப்பிடிச் சுவரில் சாதம் வைத்தால் காக்காயோடு மைனாவும் வேறு ஏதாவதும் வரும், படம் பிடித்து இருபதைத் தாண்டிவிடலாம் என்று கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, தூறலுக்காக என் கறுப்பு மழைக்கோட்டை அதன் மேல் மாட்டினேன். கை இரண்டும் தொங்கின. வழக்கமாக வரும் நாலு காக்காய்களுக்கு அது என்னவாகத் தெரிந்ததோ, நாலும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து கத்தினவே தவிர சாதத்தின் பக்கம் வரவில்லை. காக்காய் எடுக்காமல் அப்பா சாப்பிட மாட்டார். தர்ப்பணம் முடித்த வெறும் வயிற்றோடு மாடிப்படியில் உட்கார்ந்து, "ஏன்டா, பித்ருக்களைப் போட்டோ பிடிக்கச் சொல்லி யாருடா கேட்டா? எடுத்துத் தொலை" என்றார். நான், இன்னும் கொஞ்ச நேரம், மைனா வரும் என்றேன். "காக்காயே வராத ஆத்துல மைனாவை வெச்சுண்டு என்னடா பண்ணப் போறே?" என்று அம்மா வந்து மழைக்கோட்டை உருவினாள். அதற்குள் நாலும் பக்கத்து வீட்டு வடையைத் தின்றுவிட்டுப் போயேவிட்டன. அப்பா சாப்பிடும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அப்பா இன்று வரை என்னோடு பேசவில்லை.

இப்போது நியாயத்துக்கு வாருங்கள். இடம் பெரிதானால் வகையும் கூடும், ஆனால் அதே வேகத்தில் கூடாது. முதல் பத்தடியில் ஊரில் உள்ள சாதாரணமெல்லாம் வந்துவிடும், அப்புறம் புதிதாக ஒன்றைப் பார்க்க நடையாய் நடக்க வேண்டும். அவன் தோட்டம் என் மாடியைப் போல நாற்பது மடங்கு, வகையோ நாலு மடங்கு கூட இல்லை. அப்படியானால் பரப்பால் வகுத்துப் பாருங்கள், சதுர அடிக்கு நான் அவனைப் போலப் பத்து மடங்கு என்று வர்ஷினியிடம் சொன்னேன். "அப்படி வகுத்தா, ஜன்னல்ல ஒரு துளசித் தொட்டியை மட்டும் வெச்சுண்டு போட்டியில சேர்ந்திருக்கற மாமி உன்னையும் ஜெயிச்சுடுவாளே" என்றாள். சரிதான். சின்ன இடத்துக்கு அந்த வகுத்தலில் எப்போதும் யோகம். ஆகவே போட்டியாளர்கள் எல்லாருடைய பரப்பையும் வகையையும் புள்ளி வைத்து, வளைந்து போகும் கோடு ஒன்றை வரையுங்கள். இவ்வளவு இடத்துக்கு இவ்வளவு என்று கோடு சொல்லும். அதற்கு மேலே யார் அதிகம் நிற்கிறாரோ அவரே வென்றவர். இதை நீங்கள் ஏற்காவிட்டால் தீபாவளிக்கு உங்கள் ஆத்துப் பக்கம் வருவதாக இல்லை.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் ஆசீர்வாதத்தை விட நியாயத்தை அதிகம் எதிர்பார்க்கும்,
சாய்நாத்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் அந்தக் கோட்டை நானே வரைந்தேன். செம்பியன் கோட்டுக்கு எல்லாரையும் விட மேலே நிற்கிறான். நான் கோட்டுக்குக் கீழே. துளசித் தொட்டி மாமிக்கும் கீழே. எந்த விதியை வைத்தாலும் அவன்தான் போவான் போலிருக்கிறது, ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். தீபாவளிக்குக் கட்டாயம் வருகிறேன். ஒன்றே ஒன்று, அந்த அனுமதியை மூன்று பேருக்கு வாங்க முடியுமா பாருங்கள். கிண்டிக் காடு பெரிய இடம், இன்னும் ஒரு வகைக்கு இடம் இருக்காதா என்ன?