எண்ணூர் வண்டி ஏறப் போன நண்டு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அனிமேஷன் படம் எடுப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது, படம் எடுக்காமல் அதற்குத் திட்டம் போட்டுக்கொண்டே இருப்பதுதான். நாலு கலர் பேனாவும் கட்டம் போட்ட நோட்டும் கையில் இருந்தால் போதும், ஒரு நிமிஷப் படத்துக்கு ஏழு மாதம் திட்டம் போடுவேன். போட்டேன்.

அப்போது திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில் இருந்தேன். நாள் முழுக்கப் பெட்டி எண்களைக் கம்ப்யூட்டரில் தட்டுகிற வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் அனிமேஷன் பாடங்களாகப் பார்த்துப் பார்த்து, எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த கலைஞர் கண் விழித்துவிட்டதாக நம்பினேன். (விழித்தவர் பல்கூட விளக்கவில்லை, நேரே டைரக்டர் ஆகிவிட்டார்.)

கதை இதுதான். காசிமேட்டு ஏலத்துக்கு வந்த ஒரு பெண் நண்டு, கூடைக்காரப் பெரியவர் ஐஸ் எடுக்கப் போன நேரம் பார்த்துத் தப்பிக்கிறது. ராயபுரம் ஸ்டேஷனில் காத்திருக்கும் காதலனோடு ரயிலேறி, பிறந்த ஊரான எண்ணூர் முகத்துவாரத்துக்கே போய்விடுகிறது.

வீட்டில் சொல்லவில்லை. அதற்கு முன் கீபோர்டு வகுப்பு, கேக் வகுப்பு, ஆரி எம்பிராய்டரி வகுப்பு என்று மூன்றைத் தொடங்கிப் பாதியில் விட்டவள் நான். நாலாவது ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் நைனா தெருவுக்கே சொல்லிச் சிரிப்பார். (நைனா என்றால் என் அப்பா. படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வேலை.) ஆபீசில் பக்கத்து சீட்டு பிரபுவுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவனிடம் நல்ல கேமரா போன் இருந்தது, அதனால் தெரியும்.

யாராவது நடப்பதை வீடியோ எடுத்து, அதைப் பார்த்து வரைந்தால்தான் நடை சரியாக வரும் என்று பாடத்தில் சொல்லியிருந்தார்கள். ஆகவே நான் நண்டாக நடப்பது, பிரபு படம் பிடிப்பது என்று முடிவாயிற்று. காட்சிப் பட்டியலை ஒரு தாளில் எழுதித் தலையணை உறைக்குள் செருகி வைத்தேன். சனிக்கிழமை அம்மா உறை மாற்றினாள். தாளில் இருந்தது இவ்வளவுதான்:

'பெரியவர் ஐஸ் எடுக்கப் போன நேரம். அவள் சத்தமில்லாமல் வெளியே வருகிறாள். ஸ்டேஷன், மூணாவது தூண். அவன் காத்திருக்கிறான். எண்ணூர் வண்டியில் ஏறுகிறார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நேரம்: ஞாயிறு காலை ஆறு மணி. பிரபு வருவான். வீட்டில் சொல்லக் கூடாது.'

'நண்டு' என்ற சொல் அதில் எங்குமே இல்லை. எனக்குத் தெரிந்ததை எனக்கே எதற்கு எழுதுவது என்று விட்டிருந்தேன்.

அம்மா தாளை நைனாவிடம் காட்டியிருக்கிறாள். பையன் யாரென்று கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று நைனா சொல்லியிருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், சாப்பாட்டில் என் தட்டில் மட்டும் வஞ்சிரம் இரண்டு துண்டு கூடுதலாக விழுந்தது என்பதுதான். நைனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாசத்தில் நெகிழ்ந்துபோய் மூன்றாவது துண்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை பிரபு ராயபுரம் ஸ்டேஷனில் மூணாவது தூண் பக்கத்தில் நின்றான். போனை நிறுத்தி வைக்கும் ஸ்டாண்டு ஒரு பெரிய தோள்பையில் இருந்தது. போனைக் கையில் பிடித்தபடி, என்னைக் கொஞ்சம் தவிப்போடு நடந்து வரச் சொன்னான். நான் பிளாட்பாரத்தின் அந்தக் கோடியிலிருந்து இரண்டு கைகளையும் கொடுக்கு மாதிரி விரித்துத் தூக்கிக்கொண்டு, நிறையத் தவிப்போடு அவனை நோக்கி நடந்தேன். பார்ப்பவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

டிக்கெட் கவுன்ட்டர் பக்கமிருந்து நைனா வந்தார். பின்னால் கண்ணெல்லாம் சிவந்து, கையில் டிபன் டப்பாவோடு அம்மா.

நைனா குரலை உயர்த்தவில்லை. "எந்த வண்டி?" என்றார்.

"எண்ணூர்," என்றேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லும் பழக்கம் எனக்கு.

அம்மா அழத் தொடங்கினாள். பிரபு ஓரடி பின்னால் போய், தான் வெறும் கேமரா என்று சொன்னான். அவன் வீடு எண்ணூரா என்று நைனா கேட்க, மாதவரம் என்று அவன் சொல்ல, அப்படியானால் எண்ணூரில் யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று விசாரணை வேறு திசையில் போயிற்று.

"நைனா, போறது நான் இல்ல," என்றேன். "நண்டு."

நைனா வண்டி வரும் திசையை ஒரு தரம் எட்டிப் பார்த்தார்.

"நண்டுக்கு இன்னாத்துக்கு ரயிலு?"

கதையை முதலிலிருந்து சொன்னேன். அதுவரை வரைந்திருந்த அறுபது சொச்சம் படங்களையும் போனில் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஓடிப்போகிறேன் என்று அவர் நினைத்ததைவிட, இந்தப் படங்களைப் பார்த்துச் சிரித்துவிடுவாரோ என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கொடுக்கு சோக்கா வந்துகீது," என்றார். நான் பூரித்து வாய் திறப்பதற்குள், "ஆனா கண்ணு, நண்டு இப்டி நேரா நடக்காது. சைடுலதான் போவும்," என்றார்.

ஏழு மாதம். அறுபது சொச்சம் படம். அத்தனையிலும் என் கதாநாயகி ராணுவ அணிவகுப்பு மாதிரி நேராக நடந்துகொண்டிருந்தாள். காசிமேட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் பிறந்து வளர்ந்தவள் நான். என்ன செய்வது, எனக்குப் பழக்கமான நண்டுகளெல்லாம் குழம்பில் கிடந்தவை.

எனக்கு அழுகை முட்டியதைப் பார்த்து நைனா லுங்கியை மடித்துக் கட்டினார். முழங்காலை வளைத்து, கைகளைத் தூக்கி, மூணாவது தூணிலிருந்து நாலாவது தூண்வரை பக்கவாட்டில் ஒரே ஓட்டமாக ஓடிக் காட்டினார். அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் குந்தினால் சரியாக இருக்கும் என்றாள். அவர் குந்தித் திரும்பி ஓடி வந்தார். எண்ணூர் வண்டி வந்து நின்று, ஜன்னலில் இருந்தவர்களும் பார்த்தார்கள். பயத்தில் என்ன செய்வதென்று தெரியாத பிரபு ரெக்கார்டு பட்டனை அழுத்திவிட்டிருந்தான்.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து நாலு பேரும் இட்லி சாப்பிட்டோம். டிபன் எதற்கு எடுத்து வந்தாய் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"போறதுதான் போற, பசியோடவா போவ," என்றாள்.

என் படம் ஒன்றரை வருஷத்தில் எட்டு விநாடி வளர்ந்து, அங்கேயே நிற்கிறது. அந்த நண்டுக்கு லேசாகத் தொப்பை உண்டு. நைனாவின் வீடியோ அப்படி நிற்கவில்லை, சொந்தக்காரர்கள் போனெல்லாம் சுற்றி வந்துவிட்டது. போன வருஷம் எனக்கு நிச்சயமானபோது (மாப்பிள்ளை பிரபு இல்லை, அவன் இப்போதும் என்னோடு பேசும்போது நாலடி தள்ளித்தான் நிற்கிறான்) அம்மா அதைச் சம்பந்தி வீட்டிலும் காட்டினாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையரான என் மாமனார் இரண்டு தரம் உற்றுப் பார்த்தார். பின்னங்கால் வேலை சரியில்லை என்று சொல்லி எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டினார். இப்போது எந்த வீட்டு விசேஷமானாலும் சம்பந்திகள் இரண்டு பேரும் ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பக்கவாட்டில் ஓடி முடித்த பிறகுதான் பந்திக்கு இலை போடுகிறார்கள்.