எங்கள் தெருவுக்குத் தார் கொண்டுவந்தவர்

ஊருக்கு எது வந்தாலும் அது தன்னால்தான் வந்தது என்று நம்புகிற மனிதர் ரகம் ஒன்று உண்டு. தெருவிளக்கு எரிந்தால் நேற்றுத்தான் சொல்லி வைத்தேன் என்பார். பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை போட்டால் எல்லாம் ஒரு போன்தான் என்பார். யாருக்குப் போன், அவர் என்ன சொன்னார் என்றெல்லாம் கேட்டுவிடாதீர்கள். உங்களைப் பரிதாபமாகப் பார்த்து, அதெல்லாம் வெளியே சொல்கிற விஷயமில்லை என்றுவிடுவார். நீங்களும் தலையாட்டிவிட்டு வருவீர்கள். வேறென்ன செய்ய முடியும்?

இந்த ரகத்தில் முதல் தரமான உருப்படி எங்களிடம் இருக்கிறது. பெயர் சகின்பாய். கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கேக்கின் ஓரத்தில் எங்கள் தெருவுக்கு மூலைவீட்டுக்காரர். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். காலையில் வெள்ளைக் கல்பாக் தொப்பியைத் தலையில் கவிழ்த்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கே மண் தோண்டுகிறார்களோ அங்கே போய் நிற்பார். குழாய் பதிப்பவன் குழாயைப் பள்ளத்தில் இறக்கப்போகும் சமயம் பார்த்து "இறக்கு" என்பார். அவன் எப்படியும் இறக்கத்தான் போகிறான், பாவம். ஆனாலும் சாயங்காலத்துக்குள் அது சகின்பாய் இறக்கிய குழாய் ஆகிவிடும். நகரமோ மும்முரமாக முன்னேறிக்கொண்டிருக்கிறது. பூங்காவுக்குப் பெஞ்சு, பள்ளிக்கு வேலி, சந்தைக்குக் கழிப்பறை என்று ஏதாவது ஒரு வேலை நடந்தபடியே இருப்பதால் மனிதருக்கு மூச்சுவிட நேரமில்லை.

போன இலையுதிர் காலத்தில் எங்கள் தெருவுக்கும் தார் வந்தது. வண்டிகள் வந்தன, கொட்டின, உருட்டின, போய்விட்டன. நகராட்சியில் எங்கள் முறை வந்திருக்கும், அவ்வளவுதான். சகின்பாய் மட்டும் ரோடு உருளைக்குப் பின்னாலேயே நடந்து, கல்யாணப் பந்தி விசாரிக்கிற பெண்வீட்டுக்காரர்போல, ஒவ்வொரு வாசலிலும் நின்று "எப்படி?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

தார் வந்தால் ஆடு வெட்டாமல் இருப்போமா? புது ரோட்டிலேயே மேசை போட்டு, பெரிய கொப்பரையை ஏற்றி, தெருவே கூடிவிட்டது. எங்கள் விருந்தில் எந்த எலும்பு யாருக்கு என்பதற்கு முறை உண்டு. ஆட்டுத்தலை சபையின் பெரிய மனிதருக்குத்தான். அது அன்று தன் முன்னால் வரவேண்டும் என்று சகின்பாய் போட்ட அடித்தளம் அந்த ரோட்டுக்குப் போட்டதைவிட உறுதியானது. பங்கு பிரித்துக்கொண்டிருந்தவர் எதிர்வீட்டு புருல்சா. வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். அந்த அம்மாள் தலை இருந்த தட்டைக் கையில் ஏந்தியபடியே, எல்லோர் காதிலும் விழக் கேட்டார்:

"இந்த ரோடு நீங்க கொண்டுவந்ததுதானா அண்ணே? சபையில சொல்லுங்க, வெச்சிடறேன்."

"வேற யாரு?"

தட்டு அவர் முன்னால் போய் உட்கார்ந்தது. தலையை வாங்கியவர் அதிலிருந்து காதையும் கண்ணையும் மற்றவர்களுக்கு அறுத்துக் கொடுக்கவேண்டும். யாரை அடிக்கடி பார்க்க ஆசையோ அவருக்குக் கண். சகின்பாய் அதை, ரோட்டை அளந்துவிட்டுப் போக வந்திருந்த நகராட்சி என்ஜினியர் தாலாய்க்கு ஊட்டியே விட்டார். அந்த மனிதர் வாயில் கண்ணோடு என் பக்கம் திரும்பி, இந்தப் பெரியவர் யார் என்று கேட்டார். அதற்குள் சகின்பாய் உள்ளங்கைகளை விரித்து வாழ்த்துரை ஆரம்பித்துவிட்டார். தார் வாழ்க, உருளை வாழ்க, இனி வரப்போகும் சாக்கடை வாழ்க என்று அடுக்கி, எங்கள் வழக்கப்படி இரு கையாலும் தன் முகத்தைத் தடவி முடிப்பதற்குள் குழம்பு உறைந்துவிட்டது.

வசந்தம் வந்தது. தோட்டங்களுக்காக மலைத்தண்ணீரைத் தெருவோர வாய்க்கால்களில் திறந்துவிட்டார்கள். பக்கத்துத் தெருவில் சலசலவென்று ஓடுகிறது. எங்கள் தெருவில் சொட்டு இல்லை. அப்போதுதான் விஷயம் புரிந்தது. வாசலுக்கு வாசல் அகலமாகத் தார் போட்டவர்கள் வாய்க்காலையும் சேர்த்து மூடியிருக்கிறார்கள்! அதன் மேலேதான் மேசை போட்டுத் தின்றிருக்கிறோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை. நகராட்சியில் கேட்டால், அடுத்த வருடத் திட்டத்தில் சேர்ப்பதாகச் சொன்னார்கள். அதுவரை செடி காத்திருக்குமா? புருல்சா வருடம் முழுக்க ஜாடிகளில் அடைத்து விற்பது அவர் தோட்டத்துத் தக்காளியும் ராஸ்பெர்ரியும்தான். நாற்றுகள் துவண்டுபோய்க் கிடந்தன.

புருல்சா மூலைவீட்டு வாசலுக்குப் போனார். பின்னாலேயே நாங்களும்.

"ரோடு உங்களோடது அண்ணே. வாய்க்கா அதுக்கு அடியில கெடக்குது. என் பொழப்பு காயுது."

நன்றாகக் கவனியுங்கள். அந்த ரோட்டுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சகின்பாய் தப்பித்துவிடலாம். அத்தனையும் சத்தியமான வார்த்தை. அவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"வேணும்னுதாம்மா மூடச் சொன்னேன். தண்ணி வர்ற சமயத்துல தொறந்துக்கலாம்னு."

"அப்ப தொறங்க."

மறுநாள் காலை தொப்பியைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு இறங்கிவிட்டார். கடப்பாரை என்னுடையது. தார் லேசில் விடுமா? கை கொப்பளித்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது. தெருவார் நாங்கள் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி நின்றோம். மனசு கேட்காமல் அவர் காதோரம் போய், "நீங்க இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே, எல்லாருமா சேந்து தோண்டிடலாம்" என்றேன். அவர் கடப்பாரையில் சாய்ந்து வியர்வையைத் துடைத்தார்.

"தலையத் தின்னாச்சே தம்பி."

அதற்குமேல் வேடிக்கை பார்க்க யாருக்கு மனசு வரும்? ஆளுக்கொரு மண்வெட்டியோடு நாங்களும் இறங்கினோம். தண்ணீர் வந்தது, நாற்றும் நிமிர்ந்தது. இப்போது எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் வாய்க்காலை முதலில் தோண்டச் சொன்னது தான்தான் என்கிறார்கள். சகின்பாய் மட்டும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிறார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. யாரோ செய்த வேலைக்கு உங்கள் முதுகில் தட்டிக்கொடுத்தபோது, மறுக்காமல் "அட, இதென்ன பெரிய விஷயம்" என்று தலைகுனிந்து சிரித்தீர்களே, அந்த வேலைக்கு அடியில் என்ன புதைந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். என் கடப்பாரை இப்போதைக்குச் சும்மாதான் கிடக்கிறது.